எங்களுக்கு முன்னர் வந்த அகதிகள்

எங்கள் தொழிற்சாலையில் பொதி செய்யும் பகுதியில் நாங்கள் ஐந்து தமிழர்கள் வேலை செய்கிறோம். ஐந்து பேருமே படிப்பை இடையில் விட்டுவிட்டு வந்தவர்கள்தான். எங்களோடு ஒரு பெரியவரும் நிற்கிறார். பிரான்சிலேயே பிறந்து வளர்ந்தவர். ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அவரைப் பிரெஞ்சுக்காரர் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். காய்ச்சல் என்றாலும் வேலைக்கு வருகிற மனிதர், வருடத்தில் ஒரு நாளுக்கு மட்டும் இரண்டு மாதம் முன்னதாகவே லீவு எழுதிக் கொடுத்துவிடுவார். அந்த நாள் ஏப்ரல் 24.

ஒருநாள் கோப்பி குடிக்கிற நேரத்தில், "அன்றைக்கு என்ன, உங்களுடைய பிறந்தநாளா?" என்று கேட்டோம். அவர் சிரிக்கவில்லை. "எங்கள் சனத்தின் நினைவு நாள். நான் ஆர்மேனியன். என்னுடைய பாட்டனும் உங்களைப் போல அகதியாகத்தான் இங்கே வந்து இறங்கினவர்" என்றார்.

அன்று தொடங்கிய கதை இன்னும் முடியவில்லை. தங்கள் மண்டபத்துக்கும் எங்களைக் குடும்பமாக அழைத்துப் போனார். அவர் சொன்னதையும், பிறகு நாங்களாகத் தேடி வாசித்ததையும் சேர்த்து இதை எழுதுகிறோம். வந்து இறங்கி ஆறு மாதம், ஒரு வருடம் ஆன குடும்பங்களுக்கு விசா, வீடு, வேலை என்று ஆயிரம் பிரச்சினை இருக்கும். இந்த நேரத்தில் வேறொரு இனத்தின் கதை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எங்களில் மூத்தவர்கள் இங்கே வந்து 40 வருடம் ஆகிறது. ஆர்மேனியர்கள் வந்து 100 வருடம் ஆகிவிட்டது. இனி நாங்கள் சந்திக்கப் போகிற பலதை அவர்கள் ஏற்கனவே சந்தித்துவிட்டார்கள். அதுதான் காரணம்.

"திரும்பிச் செல்ல இயலாது"

ஆர்மேனியர்கள் பழமையான ஒரு சனம். அவர்களுடைய எழுத்தைக் கி.பி. 405 அளவில் மெஸ்ரோப் மஷ்தொத்ஸ் என்ற துறவி அமைத்தார். முதலில் 36 எழுத்து, பின்னர் இரண்டு சேர்ந்து இன்று 38. அவர்கள் பெருந்தொகையாக வாழ்ந்த நிலத்தின் மேற்குப் பகுதி ஒட்டோமான் துருக்கியரின் ஆட்சியில் இருந்தது. முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915 ஏப்ரல் 24 அன்று, கொன்ஸ்தாந்திநோப்பிள் நகரத்தில் ஆர்மேனிய எழுத்தாளர்கள், ஆசிரியர்கள், பத்திரிகைக்காரர்கள், சமூகத் தலைவர்கள் என்று நூற்றுக்கணக்கானோரை அரசு ஒரே இரவில் கைது செய்தது. அவர்களில் பெரும்பாலானோர் பின்னர் கொல்லப்பட்டார்கள். அதன்பின் ஊர் ஊராகச் சனத்தை எழுப்பி, சிரியாவின் பாலைவனத்தை நோக்கி நடக்க விட்டார்கள். வழியில் கொலையாலும் பசியாலும் நோயாலும் இறந்தவர்கள் 10 இலட்சத்துக்கு மேல். 15 இலட்சம் வரை இருக்கலாம் என்றும் கணக்கிடுகிறார்கள். இதை இன அழிப்பு என்று ஏற்றுக்கொள்ளத் துருக்கி அரசு இன்றுவரை மறுத்து வருகிறது.

தப்பியவர்களில் பெரும்பகுதி பெண்களும் அநாதைப் பிள்ளைகளும். அலெப்போ, பெய்ரூத், கிரேக்கம் என்று சிதறி, அங்கிருந்து பலர் கப்பலில் மார்செய் துறைமுகத்துக்கு வந்தார்கள். மார்செயில் ஒடோ என்ற பெயரில் ஒரு பழைய இராணுவ முகாம் இருந்தது. 1922 முதல் 1927 வரை ஆயிரக்கணக்கான ஆர்மேனியர்கள் அங்கே தங்கியிருந்தார்கள். பெரியவரின் பாட்டனும் அந்த முகாமில் இருந்தவர்தான்.

அந்த நாட்களில் நாட்டை விட்டு வெளியேறிய ஆர்மேனியர்களின் கடவுச்சீட்டில் ஒரு முத்திரை குத்தப்பட்டிருந்தது. "திரும்பிச் செல்ல இயலாது" என்பதுதான் அதன் பொருள். பின்னர் நான்சன் என்ற நோர்வேக்காரரின் முயற்சியால் நாடற்றவர்களுக்கென ஒரு பயணப் பத்திரம் உருவானது. 1922 இல் முதலில் ரஷ்ய அகதிகளுக்கும், 1924 இல் ஆர்மேனியர்களுக்கும் அது கிடைத்தது. இன்று எங்களில் பலர் கையில் வைத்திருக்கும் அகதிப் பயணப் புத்தகத்தின் மூத்த சகோதரம் அது என்று சொல்லலாம். எங்கள் புத்தகத்தில் எல்லா நாட்டுக்கும் போகலாம், சொந்த நாட்டைத் தவிர என்று எழுதியிருக்கிறது. அதைப் பெரியவரிடம் எடுத்துக் காட்டினோம். அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். "வசனம் கொஞ்சம் மரியாதையாக மாறியிருக்கிறது" என்றார்.

தொழிற்சாலைப் பக்கத்தில் ஓர் ஊர்

வந்த ஆர்மேனியர்கள் எங்கே வேலை கிடைத்ததோ அங்கே குடியேறினார்கள். லியோனுக்குப் பக்கத்தில் தெசின் என்ற இடத்தில் செயற்கைப் பட்டு நூல் செய்யும் தொழிற்சாலை இருந்தது. அதைச் சுற்றி ஓர் ஆர்மேனிய ஊரே உருவாகிவிட்டது. பாரிஸைச் சுற்றி அல்ஃபோர்வில், இசி லெ மூலினோ போன்ற இடங்களில் குடியேறினார்கள். பகலில் தொழிற்சாலை, இரவில் வீட்டில் தையல், சப்பாத்துத் தைத்தல், கம்பளி பின்னுதல். முழுக் குடும்பமும் ஒரே அறையில் இருந்து வேலை செய்யும். கேட்கும்போது எங்களுக்கு ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை.

ஆனால், அந்த வறுமைக்குள்ளும் அவர்கள் செய்த காரியங்களைப் பாருங்கள்.

முதலாவது, ஊர்ச் சங்கம். இது எங்களுக்கு மட்டும் உரிய பழக்கம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஆர்மேனியர்களும் மலத்தியா ஊரார், மராஷ் ஊரார், செபஸ்தியா ஊரார் என்று நாடு நாடாகச் சங்கம் அமைத்தார்கள். அழிந்துபோன தங்கள் ஊரின் தெரு, கிணறு, தொழில், பாட்டு, பேச்சுவழக்கு, குடும்பங்களின் பெயர் எல்லாவற்றையும் வயதானவர்களிடம் கேட்டு எழுதி "நினைவுப் புத்தகம்" என்று அச்சிட்டார்கள். இப்படிப் பல ஊர்களுக்குப் புத்தகம் உண்டு. அந்த ஊருக்குப் போக முடியாத பேரப்பிள்ளை இன்று அந்தப் புத்தகத்தைத் திறந்துதான் தன் பாட்டியின் வீடு எந்தத் தெருவில் இருந்தது என்று அறிகிறது. பெய்ரூத்துக்குப் பக்கத்தில் புர்ஜ் ஹமூத் என்ற இடத்தை அகதிகளே கட்டியெழுப்பினார்கள். அங்குள்ள குறிச்சிகளுக்குப் புதிய மராஷ், புதிய அதானா என்று இழந்த ஊர்களின் பெயரையே வைத்தார்கள்.

இரண்டாவது, பள்ளிக்கூடமும் கோயிலும். பாரிஸில் ஆர்மேனியரின் பெரிய தேவாலயம் 1904 இலேயே கட்டி முடிந்துவிட்டது. எண்ணெய்த் தொழிலில் பணம் சேர்த்த மந்தாஷியான் என்ற செல்வந்தர் அதற்குப் பணம் கொடுத்தார். ஆனால், ஏனைய பல தேவாலயங்களும் மண்டபங்களும் தொழிலாளர்கள் சில்லறையாகச் சேர்த்த காசில் எழும்பியவை. கோயில் அவர்களுக்குக் கும்பிடுகிற இடம் மட்டுமல்ல. வேலை விசாரிப்பதும், கலியாணம் பேசுவதும், கடிதம் வாசிப்பிப்பதும் அங்கேதான். ஆவணி நடுப்பகுதியில் மாதாவின் திருநாளில் திராட்சைப் பழத்தைக் கோயிலில் வைத்து ஆசீர்வதித்து எல்லோருக்கும் பகிர்வார்கள். அதற்கு முன்னர் அந்த வருடத்துத் திராட்சையை வாயில் வைக்காத கிழவிகள் இன்னும் இருக்கிறார்களாம். ஐப்பசியில் எழுத்துக்கும் மொழிபெயர்ப்புக்குமென ஒரு திருநாளும் உண்டு. எங்கள் ஏடு தொடக்கல் நினைவுக்கு வந்தது.

மூன்றாவது, பத்திரிகை. 1925 இல் ஷவார்ஷ் மிசாக்கியான் என்பவர் பாரிஸில் "ஹராச்" என்ற நாளிதழைத் தொடங்கினார். யோசித்துப் பாருங்கள், அகதிகளுக்கு நாளிதழ்! போர்க்காலத்தில் ஜெர்மானியரின் ஆட்சியில் அதை வெளியிடாமல் நிறுத்தி வைத்தார். அவர் மறைந்தபின் மகள் ஆர்பிக் 2009 வரை அதை நடத்தினார். தகப்பனும் மகளுமாக 84 வருடம் ஒரு பத்திரிகையைச் சுமந்தார்கள்.

கடைசல் பட்டறையில் நின்ற கவிஞர்

தொழிற்சாலைத் தொழிலாளியாக இருந்துகொண்டு என்ன செய்துவிட முடியும் என்று நாங்கள் அலுத்துக்கொள்வது உண்டு. பெரியவர் எங்களுக்கு மிசாக் மனுஷியானைப் பற்றிச் சொன்னார்.

மனுஷியான் 1915 இல் பெற்றோரை இழந்த அநாதை. லெபனானில் அநாதை இல்லத்தில் வளர்ந்து, 1920களின் நடுவில் மார்செய் வந்து இறங்கினார். முதலில் தச்சுவேலை, பின்னர் பாரிஸில் சித்ரோவன் கார்த் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தில் வேலை. வேலை இல்லாத நேரம் நூலகத்தில் இருப்பார். நண்பரோடு சேர்ந்து ஆர்மேனிய மொழியில் இலக்கியச் சஞ்சிகை நடத்தினார். பிரெஞ்சுக் கவிதைகளை ஆர்மேனியத்துக்கு மொழிபெயர்த்தார். பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு இரண்டு தரம் விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை.

நாசிகள் பிரான்சைப் பிடித்தபோது, போலந்து, ஹங்கேரி, இத்தாலி, ஸ்பெயின் என்று பல நாட்டிலிருந்து வந்த குடியேறிகளோடு சேர்ந்து எதிர்ப்பு இயக்கத்தில் இறங்கினார். பாரிஸில் அந்தக் குழுவின் பொறுப்பாளரானார். 1944 பெப்ரவரி 21 அன்று மோன் வலேரியன் கோட்டையில் அவரையும் தோழர்களையும் சுட்டுக் கொன்றார்கள். "பாருங்கள், இவர்களெல்லாம் அந்நியர்கள்" என்ற கருத்தில் அவர்களின் படங்களைப் போட்டு ஜெர்மானியர் நகரமெங்கும் ஒட்டிய சிவப்புச் சுவரொட்டி பெயர் பெற்றது. அந்நியர் என்று இழிவுபடுத்த அடித்த அந்தச் சுவரொட்டியே பின்னர் அவர்களின் நினைவுச் சின்னமாக மாறிவிட்டது.

சரியாக 80 வருடம் கழித்து, 2024 பெப்ரவரி 21 அன்று, மனுஷியானும் மனைவி மெலினேயும் பாரிஸில் நாட்டின் பெரியோரை வைக்கும் பந்தியோன் மண்டபத்தில் வைக்கப்பட்டார்கள். குடியுரிமை மறுக்கப்பட்ட ஒரு தொழிலாளிக்கு நாடு கொடுத்த மரியாதை அது. அன்று எங்கள் பெரியவர் இரண்டாவது முறையாக லீவு எடுத்தாராம்.

சென்னையில் அச்சான முதல் பத்திரிகை

இனி நாங்கள் சொல்லப் போவது எங்களையே வாயைப் பிளக்க வைத்த செய்தி. உலகத்திலேயே ஆர்மேனிய மொழியில் வெளிவந்த முதல் பத்திரிகை எங்கே அச்சானது தெரியுமா? ஆர்மேனியாவில் அல்ல, பாரிஸிலும் அல்ல. சென்னையில்! 1794 இல் ஹருத்யூன் ஷ்மாவோனியான் என்ற பாதிரியார் "அஸ்தரார்" என்ற மாத இதழை அங்கே தொடங்கினார். 1796 வரை 18 இதழ்கள் வந்தன.

பாரசீகம் வழியாக வந்த ஆர்மேனிய வணிகர்கள் அந்தக் காலத்தில் சென்னையில் செல்வாக்கோடு வாழ்ந்தார்கள். கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற வணிகர் 1726 இல் அடையாற்றின் குறுக்கே தன் காசில் பாலம் கட்டிக் கொடுத்தார். பரங்கிமலைக்கு ஏறும் படிகளும் அவர் உபயம். ஆர்மேனியன் தெரு என்று இன்றும் அங்கே ஒரு தெரு இருக்கிறது. 1772 இல் கட்டிய அவர்களின் தேவாலயமும் அந்தத் தெருவில் இருக்கிறது. கட்டிடம் இருக்கிறது, மணி இருக்கிறது. ஆனால், கும்பிடுவதற்கு ஆர்மேனியர்கள் இன்று அங்கே இல்லை என்றே சொல்லலாம். வேறு ஊருக்குப் போனவர்கள் போக, மிச்சம் பேர் மெல்ல மெல்ல மற்றவர்களோடு கலந்து போனார்கள். அவர்களை அங்கே யாரும் துரத்தவில்லை, அடிக்கவுமில்லை.

பெரியவருக்கு இந்த விஷயம் எங்களுக்கு முன்பே தெரியும். "மெட்ராஸ் உங்கள் ஆட்களின் நகரம்தானே?" என்று கேட்டார். நாங்கள் இலங்கைத் தமிழர், ஆனால் மொழி ஒன்றுதான் என்று விளக்கினோம். "அப்படியென்றால் எங்கள் முதல் பத்திரிகை உங்கள் மொழி பேசுகிற ஊரில்தான் பிறந்தது" என்றார். அதற்குப் பிறகு எங்களோடு அவருக்கு இன்னும் ஒட்டுதல்.

ஐம்பது வருட அமைதி

ஆர்மேனியர்கள் வந்த முதல் நாளிலிருந்தே கொடி பிடித்துக்கொண்டு வீதியில் நின்றார்கள் என்று நினைக்க வேண்டாம். முதல் தலைமுறை வாய் திறக்கவில்லை. கோயிலில் ஒரு பூசை, வீட்டில் ஒரு மெழுகுதிரி, அவ்வளவுதான். பெரியவரின் பாட்டி இரவில் தூக்கத்தில் கத்துவாராம். ஏன் என்று யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை.

1965 இல், 50 வருடம் நிறைந்தபோதுதான் நிலைமை மாறியது. சோவியத் ஆட்சியில் இருந்த ஆர்மேனியாவின் தலைநகர் எரெவானில் பெருந்திரளான மக்கள் அனுமதியின்றி வீதியில் இறங்கினார்கள். பெய்ரூத்திலும் வேறு நகரங்களிலும் பெரிய கூட்டங்கள் நடந்தன. அதே வருடம் உருகுவே நாடு முதன்முதலாக அந்த அழிவை அங்கீகரித்தது. பிரான்சில் பிறந்த பேரப்பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். 1972 இல் தெசின் ஊரில் நினைவுச் சின்னம் எழும்பியது.

பிழையான பாதையில் போனவர்களும் உண்டு. 1970களிலும் 80களிலும் சில ஆயுதக் குழுக்கள் துருக்கி அதிகாரிகளைக் கொன்றன. 1983 ஜூலை 15 அன்று பாரிஸ் ஓர்லி விமான நிலையத்தில் வெடித்த குண்டில் பயணத்துக்கு வரிசையில் நின்ற 8 பேர் இறந்தார்கள். அந்தக் குண்டு எங்கள் பக்கத்து நியாயத்தைத்தான் உடைத்தது என்று பெரியவர் வருத்தத்தோடு சொன்னார்.

பலன் தந்தது வேறு வேலை. ஒவ்வொரு ஊரிலும் நகரபிதாவைப் போய்ச் சந்திப்பது, ஆசிரியர்களோடு பேசுவது, பாராளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதுவது, கிழவன் கிழவிகளின் வாக்குமூலத்தை ஒலிப்பதிவு செய்வது. இப்படி வருடக்கணக்காக நடந்தது. 1987 இல் ஐரோப்பிய பாராளுமன்றம் ஏற்றுக்கொண்டது. 2001 ஜனவரி 29 அன்று பிரான்ஸ் சட்டம் இயற்றியது. 1915 ஆம் ஆண்டின் ஆர்மேனிய இன அழிப்பைப் பிரான்ஸ் பகிரங்கமாக அங்கீகரிக்கிறது என்ற ஒரேயொரு வசனம்தான் அந்தச் சட்டம். அந்த ஒரு வசனத்துக்கு 86 வருடம் சென்றது. 2019 முதல் ஏப்ரல் 24 பிரான்சில் அரசு நினைவு நாள். 2004 இல் கனடாப் பாராளுமன்றமும், 2016 இல் ஜெர்மன் பாராளுமன்றமும் தீர்மானம் நிறைவேற்றின. 2021 இல் அமெரிக்க ஜனாதிபதி பைடன் அதே சொல்லைப் பயன்படுத்தினார். இவற்றைப் பார்க்க உயிர் தப்பி வந்தவர்கள் பெரும்பாலும் உயிரோடு இருக்கவில்லை.

பிரிந்து நின்றதால் வந்த சேதம்

நல்லதை மட்டும் எழுதினால் அது முழுக் கதையாகாது. ஆர்மேனியருக்குள் மூன்று பழைய கட்சிகள். 1920 இல் ஆர்மேனியா சோவியத் ஆட்சிக்குள் போனபின், அதை ஏற்பதா எதிர்ப்பதா என்று சண்டை. சண்டை கோயிலுக்குள்ளும் போனது. 1933 இல் நத்தாருக்கு முதல் நாள், நியூயோர்க்கில் தேவாலயத்துக்குள் பூசைக்கு நடந்து வந்த தூரியான் என்ற பேராயரை ஆர்மேனியர்களே குத்திக் கொன்றார்கள். அதன் பிறகு அமெரிக்காவில் கோயில் நிர்வாகம் இரண்டாகப் பிரிந்தது. 90 வருடம் தாண்டியும் இன்றும் இரண்டுதான். ஒரே ஊரில் ஒரே சனம் இரண்டு கோயில், இரண்டு மண்டபம், இரண்டு பள்ளிக்கூடம். ஒரு பக்கத்துப் பிள்ளை மறுபக்கத்துப் பிள்ளையைக் கலியாணம் செய்யாத காலமும் இருந்ததாம்.

இன்னொரு காயம் 1947. தாய்நாட்டுக்குத் திரும்பி வாருங்கள் என்று சோவியத் அரசு அழைத்தது. பிரான்சிலிருந்து மட்டும் ஏறக்குறைய 7,000 பேர் வீடுவாசலை விற்றுவிட்டு மார்செயில் கப்பல் ஏறினார்கள். அங்கே போனபின் வறுமை, சந்தேகம், சிலருக்குச் சைபீரியா. திரும்பி வர விரும்பியவர்களுக்குக் கதவு திறக்க வருடங்கள் சென்றன. போனது சரி, போகாதது சரி என்று இங்கே குடும்பங்கள் பிரிந்தன.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஏனென்றால் எங்கள் ஊரிலும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஒன்று நன்றாக நடந்து வந்தது. 23 பிள்ளைகள் படித்தார்கள். நிர்வாகக் கூட்டத்தில் ஒரு வாய்த்தர்க்கம். யார் தலைவர், ஆண்டு விழாவில் யார் பெயர் முன்னால் என்பதுதான் விஷயம். இப்போது அதே தெருவில் இரண்டு வகுப்பு. ஒன்றில் 11 பிள்ளைகள், மற்றதில் 7. கூட்டிப் பாருங்கள், 5 பிள்ளைகள் எங்கேயும் இல்லை. அந்த ஐந்தில் இரண்டு எங்கள் வீட்டுப் பிள்ளைகள். எந்தப் பக்கம் அனுப்பினாலும் மற்றப் பக்கம் கோவிக்கும் என்று பயந்து, எங்கும் அனுப்பாமல் விட்டுவிட்டோம். சனிக்கிழமை ஓவர்டைம் இருந்தது நல்ல சாட்டாகவும் போய்விட்டது. ஆகவே, யாரையும் குற்றம் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை.

பெரியவருக்கு வாசிக்கத் தெரியாது

இந்தப் பெரியவர் 40 வருடமாக ஏப்ரல் 24 ஊர்வலத்தில் பதாகை பிடிக்கிறவர். பாரிஸில் கோமிதாஸ் சிலையடியில் நடக்கும் கூட்டத்துக்கு மழையிலும் போகிறவர். கோமிதாஸ் என்பவர் ஊர் ஊராக நடந்து ஆர்மேனிய நாட்டுப்பாடல்களைச் சேகரித்த துறவி. 1915 இல் கைதாகி, உயிர் தப்பி, மனம் குழம்பி, 1935 இல் பாரிஸுக்கு அருகே ஒரு மருத்துவமனையில் இறந்தவர்.

மண்டபத்தில் கோமிதாஸின் படத்துக்குக் கீழே ஆர்மேனிய எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று பெரியவரிடம் கேட்டோம். அவர் பேசாமல் நின்றார். பிறகு தன் பேத்தியைக் கூப்பிட்டார். 9 வயதுப் பிள்ளை. அவள்தான் எழுத்துக்கூட்டி வாசித்துச் சொன்னாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அவரே சொன்னார். "பாட்டி என்னோடு எங்கள் மொழியில்தான் பேசுவார். நான் பிரெஞ்சில் பதில் சொல்வேன். பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள் என்று வெட்கம். அப்பாவும் கட்டாயப்படுத்தவில்லை. அவருக்கு வேலை. பாட்டி செத்தபிறகு வீட்டில் அந்த மொழி நின்றுவிட்டது. அவர் எழுதி வைத்த ஒரு கொப்பி என்னிடம் இருக்கிறது. அதை என்னால் வாசிக்க முடியாது."

நாங்கள் ஒன்றும் பேசவில்லை.

இங்கே வந்த அகதிகள் பேசியது மேற்கு ஆர்மேனிய மொழி. ஆர்மேனிய நாட்டில் பேசுவது கிழக்கு ஆர்மேனியம். மேற்கு மொழிக்கு இன்று தனக்கென ஒரு நாடு இல்லை. 2010 இல் யுனெஸ்கோ அதை அழியும் ஆபத்திலுள்ள மொழிகளில் ஒன்றாகக் குறித்தது. பத்திரிகை நடத்தினார்கள், கோயில் கட்டினார்கள், பாராளுமன்றத்தில் சட்டம் கொண்டு வந்தார்கள். அத்தனையும் செய்த சனத்துக்கே இந்த நிலை. சட்டத்தை வெளியே போராடி வாங்கலாம். மொழியை வீட்டுக்குள் பேசினால்தான் உண்டு.

ஆனாலும் அவர்கள் கைவிடவில்லை. பெரியவரின் மகள் 30 வயதுக்குப் பிறகு மாலை வகுப்பில் எழுத்துப் படித்தாராம். பிறகு தன் பிள்ளையைப் புதன்கிழமை வகுப்புக்கு அனுப்பினார். பேத்தி இப்போது அந்தக் கொப்பியை ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்துக் காட்டுகிறாள். ஒரு பக்கத்துக்கு ஒரு மாதம் செல்கிறது. பாட்டியின் கையெழுத்து அப்படி.

நாடு இருந்தும்

ஆர்மேனியா 1991 இல் சுதந்திர நாடானது. அதற்கு முன்னர் 1988 டிசம்பர் 7 அன்று அங்கே நடந்த பூமியதிர்ச்சியில் குறைந்தது 25,000 பேர் இறந்தபோது, உலகமெங்கும் இருந்த ஆர்மேனியர்கள் காசும் உடுப்பும் மருந்தும் சேர்த்து அனுப்பினார்கள். பாரிஸில் அகதிப் பெற்றோருக்குப் பிறந்த புகழ்பெற்ற பாடகர் சார்ள்ஸ் அஸ்னவூர் மற்றப் பாடகர்களையும் சேர்த்துப் பாட்டு வெளியிட்டு நிதி திரட்டினார். 2020 போரின்போதும், 2023 செப்ரெம்பரில் நாகோர்னோ கரபாக்கிலிருந்து 1 இலட்சத்துக்கு மேற்பட்ட ஆர்மேனியர்கள் சில நாட்களுக்குள் வெளியேறியபோதும் அதே வேலை மீண்டும் நடந்தது. அந்தக் கிழமை பெரியவர் வேலைத்தலத்தில் யாரோடும் அதிகம் பேசவில்லை. "என் பாட்டனின் படத்தைத் திரும்பவும் தொலைக்காட்சியில் பார்க்கிறேன்" என்று மட்டும் சொன்னார்.

புதிதாக வந்த குடும்பங்களுக்கு நாங்கள் புத்தி சொல்லவில்லை. எங்களுக்கே இப்போதுதான் உறைத்திருக்கிறது. ஆனால், பெரியவரிடம் கற்றுக்கொண்டதில் இன்றே செய்யக்கூடியவை சில உண்டு. வீட்டில் அம்மம்மா, அப்பப்பா இருந்தால் அவர்கள் ஊரைப் பற்றிச் சொல்வதைப் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். அல்லது போனிலாவது பதிந்து வையுங்கள். பிள்ளை பிரெஞ்சில் பதில் சொன்னாலும் நீங்கள் தமிழில் கேட்பதை விட வேண்டாம். வகுப்புக்குப் பணம் கொடுக்க முடியாவிட்டால் கதிரை அடுக்கவாவது போங்கள். எங்களுக்குள் எத்தனை கட்சி, எத்தனை கருத்து என்றாலும் இருக்கட்டும். பிள்ளைகளின் வகுப்பை மட்டும் அதற்குள் இழுக்க வேண்டாம்.

நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து போன கிழமை இரண்டு வகுப்புக்காரர் வீட்டுக்கும் போனோம். "அண்ணை, ஆண்டு விழாவை வேணுமெண்டால் ரெண்டாச் செய்யுங்கோ. வகுப்பை ஒண்டாக்குங்கோ" என்று கேட்டோம். ஒருவர் யோசிப்பம் என்றார். மற்றவர் தேநீர் தந்தார், பதில் தரவில்லை. திரும்பவும் போவோம். அதுவரை பார்த்துக்கொண்டிருக்காமல், கிட்ட இருக்கிற வகுப்புக்கு வருகிற சனிக்கிழமை எங்கள் பிள்ளைகளை அனுப்புகிறோம். ஓவர்டைம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டோம்.